பத்துக்குப் பத்து அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

வில்லாபுரம்வாசி:
வணக்கம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பத்துக்குப் பத்து அறை, மொசைக் தரை, சுவரோரம் மேசை, அதன்மேல் லேப்டாப். அதில் பாட்டுக் கேட்டால் தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவது போல இருக்கிறது. அதிகம் கேட்பது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம், மதுரை சோமுவின் பழைய கச்சேரிகள், அப்புறம் எண்பதுகளின் சினிமாப் பாட்டு. கையில் எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். அடிச்சத்தத்துக்கென்று தனியாக வரும் பெட்டி, அதாவது சப்வூஃபர், இல்லாத செட்டை யார் வாங்குவார் என்று சிரிக்கிறார்கள். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் உள்ள 2.0 வாங்குவதா, கூடவே சப்வூஃபரும் வரும் 2.1 வாங்குவதா?

உசிலை மைக்செட்:
தம்பி, கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. சப்வூஃபர் வேண்டும், ஆனால் நீல விளக்கு மின்னுகிற அந்த 2.1 வேண்டாம். அப்பா காலத்திலிருந்து கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் என்று ரேடியோ கட்டுகிற குடும்பம் எங்களுடையது. ஒரு ஆம்ப்ளிஃபையரை அசெம்பிள் பண்ணச் சொல்லி, எட்டு இஞ்ச் வூஃபரை மரப்பெட்டியில் போட்டு வாங்குங்கள். தவில் என்றால் நெஞ்சில் அடிக்க வேண்டும். நான்கு இஞ்ச் ஸ்பீக்கரில் தவில் கேட்பது தீப்பெட்டியைத் தட்டுவது மாதிரி.

பசுமலைக்காரன்:
அண்ணே, நீங்கள் கட்டுகிற ரேடியோ தெருவுக்கு. இவர் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறார். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். மூன்றடிக்கு இதெல்லாம் எதற்கு? ஒன்றிரண்டு வாட்டிலேயே பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்து வந்துவிடுவார்.

பெட்டியில் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட் (கண நேர உச்சம் என்று விளம்பரத்துக்குப் போடுவது) போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம், தொடர்ந்து தரக்கூடிய வாட்டான ஆர்எம்எஸ் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். யுஎஸ்பியிலேயே மின்சாரமும் எடுக்கிற ஸ்பீக்கரில் நூறு வாட் என்று எழுதியிருப்பதும் அப்படித்தான். யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், இரண்டரை வாட்.

உசிலை மைக்செட்:
பிஎம்பிஓ ஏமாற்று என்பதில் நானும் உங்கள் கட்சி. அந்த மலிவு 2.1 பெட்டியைத் திறந்தால் பல நேரம் உள்ளே ஆம்ப்ளிஃபையராக இருப்பது டிடிஏ2030 ஐசி, ஒன்றுக்கு 14 வாட் கிடைத்தாலே பெரிது. ஆனால் பேஸ் கிட்டாருக்கு என்ன பதில்? அதன் தடித்த கம்பியின் கீழ்ச்சுரம் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. உங்கள் நான்கு இஞ்ச் எழுபது, எழுபத்தைந்தோடு நின்றுவிடும். எண்பதுகளின் பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக இன்னொரு மெட்டே வாசித்துக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டுக் கேட்பதா?

பசுமலைக்காரன்:
விட்டுப்போகாது அண்ணே. 41 ஹெர்ட்ஸோடு சேர்ந்து 82, 123 என்று மேல்சுரங்களும் ஒலிக்கின்றன. அவற்றைக் கேட்டே காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும்.

உசிலை மைக்செட்:
கற்பனையில் கேட்பதற்கு எதற்கு எட்டாயிரம்?

தல்லாகுளம் கச்சேரிப் பைத்தியம்:
இரண்டு பேரும் சோமுவை மறந்துவிட்டீர்கள். நான் ஒரு 2.1 செட்டை மூன்று வருஷம் வைத்திருந்தவள். அதில் வரும் குட்டி ஸ்பீக்கர்கள் இரண்டரை இஞ்ச் இருந்தால் அதிகம். அவற்றால் கீழே இறங்க முடியாததால், 150, 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் சப்வூஃபர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆக, சோமுவின் குரலில் பாதி மேசைமேல், பாதி என் காலடியில்! கடைசிவரை அவர் மேசைக்கு அடியிலிருந்துதான் பாடினார்.

பழைய கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் ஆள் உட்கார்ந்து பாடுவது போலக் கேட்க வேண்டும். கடைக்குப் போகும்போது லேப்டாப்பை எடுத்துப் போய் அதைப் போட்டுப் பாருங்கள். அவர்கள் போடுகிற டமால் டுமீல் பாட்டை நம்பாதீர்கள்.

உசிலை மைக்செட்:
அக்கா சொன்னது மலிவு செட்டின் கோளாறு. பெரிய பெட்டி செய்து, 80 ஹெர்ட்ஸுக்கு மேல் சப்வூஃபருக்குப் போகாமல் வெட்டிவிட்டால் குரல் கீழே இறங்காது.

பசுமலைக்காரன்:
சரி, வெட்டியாகிவிட்டது. அறையை என்ன செய்வீர்கள்? பத்தடி சுவருக்கும் சுவருக்கும் நடுவே 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி தேங்கிக் கும்மும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு பக்கமும் அதே இடத்தில் கும்மும். உங்கள் எட்டு இஞ்ச் வூஃபர் அதைத்தான் கிளப்பிவிடும். தவில், பேஸ் கிட்டார் எல்லாம் ஒரே சுரத்தில் உறுமும்.

உசிலை மைக்செட்:
அது உண்மை. மண்டபத்தில் மூலையில் பெட்டியை வைத்துவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். சுவரை விட்டு ஒரு முழமாவது தள்ளி வைக்க வேண்டும், அது எந்த ஸ்பீக்கர் ஆனாலும்.

வில்லாபுரம்வாசி:
எதிரொலிக்குச் சுவரில் சுங்குடிச் சேலை மாட்டலாமா? அம்மாவிடம் பழையது நிறைய இருக்கிறது.

தல்லாகுளம் கச்சேரிப் பைத்தியம்:
அது மெல்லிசு, அழகுக்குத்தான் ஆகும். தரையில் தடித்த ஜமுக்காளத்தை விரியுங்கள், எதிர்ச் சுவரோரம் புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. கட்டில் மெத்தையும் அந்த அறையிலேயே கிடக்கட்டும்.

வில்லாபுரம்வாசி:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். நான்கு இஞ்ச் 2.0 ஜோடி வாங்கிவிட்டேன், பட்ஜெட்டுக்குள் அடங்கியது. சோமு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் (ட்வீட்டர்) காது உயரத்துக்கு வர வேண்டுமென்று படித்ததால் ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு செங்கல் வைத்தேன். மேசையில் அடுப்பா கட்டுகிறாய் என்று அம்மா கேட்கிறார். ஒரே தொல்லை, பாட்டு ஓடாதபோதும் ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல்.

பசுமலைக்காரன்:
வயர் மட்டமாக இருக்கும். மாற்றிப் பாருங்கள்.

உசிலை மைக்செட்:
வயரைத் தொடாதீர்கள் தம்பி. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்.

வில்லாபுரம்வாசி:
நின்றுவிட்டது!

உசிலை மைக்செட்:
சார்ஜர் வழியாகவும் ஸ்பீக்கர் வழியாகவும் எர்த் சுற்றிக்கொண்டு வருகிறது, அதுதான் இரைச்சல். சார்ஜரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். போகவில்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். எவனாவது மூன்றாவது பின்னை உடைத்துப் போடச் சொன்னால் கேட்காதீர்கள், ஷாக் அடிக்கும். கரண்ட் போகும்போது மட்டும் இரைந்தால் அது வேறு, மலிவு ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் வேலை. அது கிடக்கட்டும். இப்போது தவில் எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

வில்லாபுரம்வாசி:
தீப்பெட்டி இல்லை அண்ணே. நெஞ்சிலும் அடிக்கவில்லை.

உசிலை மைக்செட்:
ஒரு ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிக்கு வாருங்கள். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு.