ரெண்டரை நிமிசத்தில பாதியாகிற சமதானியை எப்பிடி லாப்பில அளக்கிறது?

கோண்டாவில்_பெடியன்:
ஏஎல் பிசிக்ஸ் செய்யிறன். ரியூசன்ல சேர் பேரியம்-137எம் எண்டொரு கதிர்வீசுற சமதானியின்ர (ஐசோடோப்) அரைவாழ்வு, அதாவது பாதியாத் தேயிற நேரம், 2.55 நிமிசம் எண்டார், அப்ப உதைக் கொழும்பில செஞ்சு பஸ்ஸில ஏத்தினா யாழ்ப்பாணம் வர முதலே முடிஞ்சிடும்தானே, பிறகு எப்பிடி வரைபு கீறுறாங்கள்? செஞ்ச ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ.

வடலி:
பேரியத்தை ஒருத்தரும் காவிக்கொண்டு வாறேல்லத் தம்பி, அதின்ர தாய் சீசியம்-137ஐத்தான் லாப்பில வச்சிருக்கிறது, அதுக்கு 30 வருசம். சின்னக் குப்பிக்குள்ள சீசியம் ஒட்டிப் பிடிச்சபடி நிண்டு தேய்ஞ்சு பேரியமாகிக்கொண்டே இருக்கும், உப்பும் கொஞ்சம் ஐதான ஹைட்ரோகுளோரிக் அசிட்டும் கலந்த தண்ணியை சிரிஞ்சால மெல்ல விட்டா பேரியம் மட்டும் கழண்டு துளித்துளியா வரும். லாப்காரர் இதைப் பால் கறக்கிறது எண்டுதான் சொல்லுவினம். ஒரு கால் மணித்தியாலம் விட்டா திருப்பி அநேகமா முழுசா ஊறிடும். சீசியத்தின்ர காமா எண்டு புத்தகத்தில போடுற 662 கிலோ இலத்திரன்வோல்ற்றும் உண்மையில இந்தப் பேரியத்தின்ரதான், பேர் மட்டும் தாய்க்கு. ஆசுப்பத்திரியில ஸ்கான் எடுக்கிற தெக்னீசியம்-99எம்மும் இதே வேலைதான், தாய் மொலிப்டினம் 66 மணித்தியாலம், பிள்ளை 6.

பழைய_டெமோ:
கறக்கிறது சரி, ஆனா புதுசா உண்டாக்கிறதைப் பாக்கோணுமெண்டா வெள்ளித் தகடுதான். அமெரிசியம்-பெரிலியம் நியூத்திரன் சோர்ஸை மெழுகுக்குள்ள வச்சு வேகத்தைக் குறைச்சு, தகட்டைக் கொஞ்ச நேரம் பக்கத்தில விட்டிட்டு ஓடிப்போய்க் கதிர் எண்ணுற கைகர் கவுண்டருக்குக் கீழ வைக்கோணும், ஏனெண்டா தகடு நியூத்திரனை உறிஞ்சி உண்டாகிற வெள்ளி-110க்கு அரைவாழ்வு 24.6 செக்கன்தான், வெள்ளி-108க்கு 2.4 நிமிசம். ரெண்டும் சேந்து எண்ணுப்படுறதால மடக்கை வரைபு நேர்கோடா வராது, வளையும். பின்பக்க நேர்கோட்டைப் பின்னுக்கு நீட்டிக் கழிச்சா மற்றது தனிய வரும், எனக்குப் பேரியத்தை விட இதில்தான் ருசி. 1934ல ஜோலியோ-கியூரி சோடி அலுமினியத்தை அல்பாவால அடிச்சு எடுத்த பொசுபரசு-30உம் ரெண்டரை நிமிசக்காரன், அந்த அவதிக்குள்ள ரசாயனத்தால பிரிச்சுக் காட்டித்தான் 1935 நோபல்.

கோண்டாவில்_பெடியன்:
ஓம் இப்ப விளங்குது. சேர் தந்த பேரிய டேட்டாவில கடைசிப் புள்ளியள் கோட்டில நிக்காம ஆடுது, அது ஏன்?

வடலி:
முதல்ல சோர்ஸ் இல்லாத எண்ணிக்கையை எல்லாத்திலயும் கழிச்சியோ? பிறகும் ஆடும்தான், வழு எண்ணிக்கையின்ர வர்க்கமூலம், 400 எண்ணினா வழு 20, 25 எண்ணினா 5, அதாவது அஞ்சில ஒண்டு, அதால கடைசிப் புள்ளியளை நம்பிக் கோடு கீறாத. ஆடாம மேல ஒரேயடியா தட்டையா நிண்டா அது வேற கதை, கறக்கேக்க சீசியமும் கொஞ்சம் வந்திட்டுது. அதே துளியை ஒரு மணித்தியாலம் கழிச்சு எண்ணிப் பாத்தா தெரியும், பேரியம் எண்டா அப்ப ஒண்டும் மிஞ்சாது.