குளூட்டனும் பாலும் இல்லாத லோஃப் கேக் நடுவில் அமுங்கிவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம். என் மகளுக்கு சீலியாக் நோய் (கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாது), பால் ஒவ்வாமையும் உண்டு. அதனால் கோதுமை, மைதா, வெண்ணெய், பால் எதுவும் சேர்க்காமல் ஒரு லோஃப் கேக் செய்ய மூன்று முறை முயன்றுவிட்டேன். மூன்று முறையும் ஓவனில் அழகாக எழும்பி, வெளியே எடுத்த பத்து நிமிடத்தில் நடுவில் குழி விழுந்துவிட்டது, வெட்டிப் பார்த்தால் அடியில் களி மாதிரி ஒரு பட்டை.

நான் எடுத்த அளவு: அரிசி மாவு 200 கிராம், பாதாம் மாவு 50, சர்க்கரை 150, முட்டை 3, எண்ணெய் 120 மி.லி., பாதாம் பால் 150 மி.லி., பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சாந்தன் கம் (மாவைப் பிணைக்கும் பசைப் பொடி) அரை தேக்கரண்டி. 180 டிகிரி செல்சியஸில் 50 நிமிடம்.

குளூட்டன் இல்லாததால் காற்றைப் பிடித்துவைக்க வலை இல்லை, அந்த வேலையை முட்டையும் கம்மும்தான் செய்ய வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் குறை கம்மிலா, திரவம் அதிகமா, அல்லது உள்ளே வேகும் முன்பே எடுத்துவிடுகிறேனா? நடுவில் குத்திப் பார்த்தால் குச்சி சுத்தமாகத்தான் வருகிறது, அதை இனி நம்ப மாட்டேன்.

அரிசி மாவு மெதுவாகத்தான் ஈரம் இழுக்கும் என்பதால் கலவையை அரை மணி நேரம் ஊறவிடலாமா? அப்படி விட்டால் பேக்கிங் பவுடரின் வீரியம் போய்விடுமோ என்று பயம். கம்முக்குப் பதில் இசப்கோல் உமி போட்டவர்கள் இருந்தால் எத்தனை கிராம் என்று சொல்லுங்கள். அப்புறம், ஓட்ஸ் மாவு வேண்டாம், அவளுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.