துருக்கிய ‘அடக்’கும் நம் ‘அடி’யும் உறவா?

நொய்யல்கரை (திருப்பூர்):
வணக்கம். பனியன் ஏற்றுமதி வழியாகத் துருக்கி வணிகர்களோடு பழகுவதால், அவர்கள் மொழியைச் சிறிது கற்று வருகிறேன். அதில் ‘அயக்’ என்றால் பாதம். இதன் மூல வடிவத்தை ‘அடக்’ என்று மொழியியலார் மீட்டுருவாக்கியிருப்பதாகப் படித்தேன். நாம் பாதத்தை ‘அடி’ என்கிறோம். தெலுங்கில் ‘அடுகு’ உண்டு. இவை ஒரே வேரில் கிளைத்தவையா? ‘ட’ எப்படி ‘ய’ ஆயிற்று?

பழைய தமிழாசிரியர் (கோபிசெட்டிபாளையம்):
ஐயா, ஒப்புமையைப் பெரிதாகக் காட்டியது ரோமன் எழுத்துதான். துருக்கியத்தில் இருந்தது நாவை வளைத்து ஒலிக்கும் ‘ட’ அன்று; ‘அது’ என்னும்போது நம் வாயில் வரும் ‘த’வுக்கு நெருங்கிய ஒலி. ‘அதக்’ என்று எழுதிப் பாருங்கள், ‘அடி’யோடு இருந்த நெருக்கம் பாதி போய்விடும்.

அந்தத் ‘த’ துருக்கிய மொழிக் குடும்பத்தின் கிளைதோறும் ஒரு ஒழுங்கோடு மாறியது. துருக்கி, அசர்பைஜானி, கசாக் மொழிகளில் அது ‘ய’ ஆயிற்று. சைபீரியாவின் ககாஸ் மொழியில் ‘அஸஹ்’ என்றும், வோல்கா பகுதியின் சுவாஷ் மொழியில் ‘உரா’ என்றும் நிற்கிறது. வாலைக் குறிக்கும் சொல்லும் இதே தடத்தில்தான் செல்கிறது: துருக்கியில் ‘குய்ருக்’, சைபீரியாவின் துவா மொழியில் ‘குதுருக்’, ககாஸில் ‘ஹுஸுருஹ்’, சுவாஷில் ‘ஹ்யூரே’. 1070களில் பாக்தாதில் துருக்கியச் சொற்களுக்கு அரபியில் அகராதி தொகுத்த மஹ்மூத் அல்-காஷ்காரி, ஒரு குலத்தாரின் ‘த’ பிற குலத்தார் வாயில் ‘ய’வாகவும் ‘ஸ’வாகவும் ஒலிப்பதை அன்றே குறித்திருக்கிறார். உறவு என்று சொல்ல இத்தகைய தொடர்ச்சி பல சொற்களில் வேண்டும். ‘அடி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அதை நிறுவ இயலாது.

மலைக்காட்டான் (தாளவாடி):
மீதிப் பாதிக்கும் ஒரு தடை உண்டு. ஈரானில் தெஹ்ரானுக்குத் தெற்கே பேசப்படும் கலஜ் மொழியில் இச்சொல் ‘ஹதக்’. பிற கிளைகள் இழந்துவிட்ட சொன்முதல் ‘ஹ’வைக் கலஜ் காத்து வைத்திருக்கிறது என்பது ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் தோர்ஃபரின் வாதம்; அது இன்னும் பழைய ‘ப’வின் எச்சம் என்பாரும் உளர். ‘ப’ ‘ஹ’ ஆவது எங்கள் ஊர்ச் சந்தையில் தினமும் காதில் விழும் செய்திதான்: தமிழர் பால், பத்து, பல் என்பதைக் கன்னடர் ஹாலு, ஹத்து, ஹல்லு என்பர். ஆக, துருக்கியச் சொல் தொடக்கத்தில் உயிரெழுத்தில் தொடங்கியதே ஐயத்துக்குரியது. நம் ‘அடி’யோ கன்னடத்திலும் மலையாளத்திலும் உயிரையும் வளைநா ஒலியையும் விடாமல் நிற்கிறது.

நொய்யல்கரை:
இருவருக்கும் நன்றி. ஒரு சிறு ஐயம்: கசாக்கில் ‘அயக்’ என்பதற்குக் கிண்ணம் என்றும் பொருள் இருக்கிறதே?

பழைய தமிழாசிரியர்:
அது வேறு சொல், ஐயா. கிண்ணத்துக்கான சொல்லில் முதலிலிருந்தே ‘ய’தான், பாதத்தின் ‘த’ ‘ய’வான பிறகே இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தன. ககாஸில் இன்றும் பாதம் ‘அஸஹ்’, கிண்ணம் ‘அயஹ்’. துவாவிலும் கிண்ணம் ‘அயக்’கே, அங்கே ‘அதக்’ என்பது அடிப்பகுதியைக் குறிக்கிறது, நாம் மரத்தடி, மலையடி என்பதுபோல. மங்கோலியத்தில் ஆற்றின் கடைசிப் பகுதியைச் சொல்லும் ‘அதக்’கும் துருக்கியத்திலிருந்து பெற்ற கடன் என்றே கருதப்படுகிறது.