ஊழியன், குமரன் காலத்து இதழ்களை ஆய்வுக்கு எடுப்பது எப்படி?

கோட்டையூர் மாணவி:
காரைக்குடியில் இதழியல் முதுகலை படிக்கிறேன். 1920களில் நம்ம செட்டிநாட்டுப் பக்கம் வந்த ஊழியன், குமரன் போன்ற இதழ்களைப் பற்றித்தான் ஆய்வேடு. மாதிரி இதழ்களை எடுத்து உள்ளடக்கத்தைப் பகுத்தால் போதும் என்கிறார் வழிகாட்டி. ஆனால் கிடைக்கிற இதழ்களில் இடையிடையே மாதக்கணக்கில் விட்டுப்போயிருக்கிறது. எங்கள் ஐயா வீட்டு வளவு (உள்முற்றம்) அறையில் பழைய இதழ்க் கட்டு ஒன்று கிடக்கிறது, பங்காளிகள் சம்மதித்தால் எடுக்கலாம். இதை வைத்து ஆய்வு நிற்குமா?

தேவகோட்டை அண்ணன்:
தாராளமாக நிற்கும், தங்கச்சி. ஆனால் அந்தக் கட்டை உடனே பிரிக்காதீர்கள். இருக்கிறபடியே முதலில் படம் எடுங்கள். எந்த இதழுக்கு அடியில் எந்தப் பேரேடு, எந்தப் பக்கத்தில் பென்சில் கோடு, மேலுறையில் யார் விலாசம், ரங்கூன் அஞ்சல் முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். யார் வாங்கினார், எங்கே படித்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடைக்காது. நூலகத்தில் பைண்டு பண்ணும்போது முதலில் கிழித்துப் போடுவதே மேலுறையையும் விளம்பரத் தாளையும்தான்.

மாதிரி எடுக்க வேண்டுமென்றால் முழு வரிசை தெரிந்திருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ யாரோ எடுத்து வைத்ததில் கரையானுக்குத் தப்பியது. இதிலிருந்து விழுக்காடு கணக்குப் போட்டால் நேர்காணலிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கேள்வியை மாற்றுங்கள். இதழ் என்ன எழுதியது என்பதோடு, யார் காசில் ஓடியது, எங்கெல்லாம் போனது என்றும் கேளுங்கள். சந்தா பாக்கி அறிவிப்புகளையும் கடை விளம்பரங்களையும் தேதி வாரியாக அடுக்குங்கள். பர்மாவில் வட்டிக்குக் கொடுத்துவந்த நகரத்தாருக்கு (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு) 1930க்குப் பின் நெல் விலை விழுந்து, கொடுத்த கடனுக்கு நிலமே கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி நகரத்தாரிடம் இருந்தது. அங்கிருந்து பணமாக வர வேண்டியது நிலமாக முடங்கியபோது ஊர் இதழ்களுக்கு என்ன ஆனது? எனக்கு இதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது.

விட்டுப்போன மாதங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால அரசின் சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளைப் பாருங்கள். அரசு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சுருக்கிக் கொடுத்தவை. அரசுக்கு உறுத்தியதுதான் அதிகம் இருக்கும். விதவை மறுமணம், கோயில் திருப்பணிச் சண்டை, சாதிச் சங்க வம்பு எல்லாம் அதில் வராமலே போகலாம். அதில் இல்லை என்பதால் இதழிலும் இல்லை என்று எழுதிவிட வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
உங்கள் ஊர்க்காரர் ரோஜா முத்தையா சேர்த்ததை மறந்துவிடாதே அம்மா. 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைத்தது. இதழ்கள் மட்டும் அல்ல, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ்கூட அங்கே உண்டு. புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்துக்கும் ஒரு நடை போய் வா. ஊரில் பழைய அச்சகக் குடும்பங்களைப் பார்க்கப் போனால் ஓர் இதழைக் கையோடு கொண்டு போ. தாளைப் பார்த்தால்தான் பெரியவர்களுக்குப் பேச்சு வரும்.

கோட்டையூர் மாணவி:
ரொம்ப நன்றி அண்ணே, ஆச்சி. குமரனை நடத்திய சொ. முருகப்பா, ‘மாதர் மறுமணம்’ என்றும் ஓர் இதழ் நடத்தினாரே, இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?

தேவகோட்டை அண்ணன்:
முதுகலைக்கு ஒன்று போதும். குமரனை முடியுங்கள், மற்றதை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.