தென் ஸ்பெயினுக்கு முதல் பயணம்: எந்த ஊரில் தொடங்குவது, எதில் போவது?

நொய்யல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவுக்குப் போக எண்ணியிருக்கிறோம். நால்வருக்குமே ஐரோப்பா புதிது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மாட்ரிட்டில் இறங்குகிறோம் என்பது வரை முடிவாகிவிட்டது. கையில் ஒன்பது இரவுகள் இருக்கின்றன. திரும்புவதை மாட்ரிட்டிலிருந்து வைத்துக்கொள்வதா, மாலகாவிலிருந்து வைத்துக்கொள்வதா என்பதில்தான் முதல் குழப்பம்.

கோர்தோபா, செவில்யா, கிரனாடா ஆகிய மூன்று ஊர்களையும் விட்டுவிட மனமில்லை. முடிந்தால் ரோந்தாவையும் அதைச் சுற்றியுள்ள வெள்ளை மலைக்கிராமங்கள் ஒன்றிரண்டையும் பார்க்க வேண்டும். தாரிஃபாவிலிருந்து கப்பல் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மொராக்கோவின் டாஞ்சியர் வந்துவிடும் என்று படித்ததிலிருந்து, அங்கே ஒரு நாள் போய்வரலாமே என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கார் எடுத்தால் பெற்றோருக்கு வசதியாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்; ஆனால் சாலையின் வலப்பக்கம் ஓட்டி எனக்குப் பழக்கமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, நிதானமாக நடப்பார், படிகள்தான் தொல்லை. முட்டைகூடச் சேர்க்காத சைவம் என்பதால் சாப்பாடு பற்றியும் கவலையாக இருக்கிறது. போய்வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வைகைக்கரை எழுதியது:

ஒரே ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் நீங்கள் கேட்டவையெல்லாம் தாமாகவே அடங்கிவிடும். ஆனால் அந்த ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. கிரனாடாவின் மலைமேல் இருக்கும் பழைய கோட்டை அரண்மனையான அல்ஹாம்ப்ராவுக்கு எந்தத் தேதியில் நுழைவுச்சீட்டு கிடைக்கிறது என்பதுதான் அது. விமானம் பதிவு செய்தபின், விடுதிகளையும் ரயிலையும் தொடுவதற்கு முன்பு, அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்தச் சீட்டை வாங்கிவிடுங்கள். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு இருப்பதால், அக்டோபரிலும் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துபோகிறது. சீட்டில் பெயர் அச்சாகியிருக்கும். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், எங்களிடம் அன்று மூன்று இடங்களில் கேட்டார்கள்.

அதோடு, உள்ளே இருக்கும், நஸ்ரித் என்ற முஸ்லிம் அரச வம்சத்தின் அரண்மனைகளுக்கு மட்டும் தனியாக ஒரு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். மலைமேல் வந்துவிட்டோமே என்று தோட்டங்களில் மெய்மறந்து நின்றுவிட்டு, நேரம் தவறிப் போய் வாசலில் கெஞ்சிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை என் கண்ணால் பார்த்தேன். காவலர் கனிவாகத்தான் பேசினார், ஆனால் விடவில்லை. சீட்டு விற்கும் வாசலிலிருந்து அந்த அரண்மனைகளுக்கு நடக்கவே கால் மணி நேரம் ஆகும். முன்பே சீட்டு வாங்கியவர்கள் நீதி வாசல் வழியாக நேரே உள்ளே போய்விடலாம் என்பதால், உங்கள் அம்மாவுக்கு அதுவே நல்லது. நகர மையத்தில் இசபெல் லா கத்தோலிக்கா சதுக்கத்திலிருந்து சி30 என்ற சிறு பேருந்து மேலே போகிறது. மேட்டில் நடக்க வேண்டியதில்லை.

பொதுச்சீட்டு தீர்ந்திருந்தால் மனம் தளர வேண்டாம். நகரத்தின் வேறு சில பழைய கட்டடங்களையும் சேர்த்து விற்கப்படும் தோப்லா தே ஓரோ என்ற கூட்டுச்சீட்டில் சில சமயம் இடம் இருக்கும். தோட்டங்களும் கோட்டையும் மட்டும் உள்ள சீட்டும் உண்டு; ஆனால் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் இருக்கும் சிங்க முற்றத்தைப் பார்க்காமல் திரும்புவதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்பது என் கருத்து. பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் தாங்கி நிற்கும் தொட்டியின் விளிம்பைச் சுற்றி இப்னு சம்ராக் என்ற அரசவைக் கவிஞரின் வரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். தொட்டியிலிருந்து நான்கு பக்கமும் தரையில் வெட்டிய ஒரு சாண் அகல வாய்க்கால்களில் நீர் ஓசையில்லாமல் வழிந்து மண்டபங்களுக்குள்ளேயே போகிறது. தாரோ ஆற்றை மேட்டில் மறித்து, கால்வாய் வெட்டி அந்த மலைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் அந்த நஸ்ரித் அரசர்கள். 1492 ஜனவரி 2 அன்று கடைசி சுல்தான் இந்தக் கோட்டையை ஒப்படைத்துவிட்டுப் போனார் என்பதை நினைத்துக்கொண்டு நின்றால், கூட்டம் அவ்வளவாக உறுத்தாது.

இனி வழி. மாலகாவிலிருந்து திரும்புங்கள், மாட்ரிட்டுக்கு மறுபடி வருவது வீண். அப்படி வைத்துக்கொண்டால் இரண்டு வழிகள் உண்டு. மாட்ரிட், கோர்தோபா, செவில்யா, கிரனாடா, மாலகா என்பது ஒன்று. மாட்ரிட்டிலிருந்து முதலில் கிரனாடாவுக்குப் போய், பிறகு கோர்தோபா, செவில்யா, ரோந்தா வழியாக மாலகாவில் முடிப்பது மற்றொன்று. அல்ஹாம்ப்ரா சீட்டு பயணத்தின் முற்பாதியில் கிடைத்தால் இரண்டாவது, பிற்பாதியில் கிடைத்தால் முதலாவது. இதில் யோசிக்க வேறொன்றும் இல்லை.

நகரங்களுக்கு இடையில் கார் தேவையே இல்லை. ஸ்பெயினின் முதல் அதிவேக ரயில் பாதையே 1992இல் மாட்ரிட்டுக்கும் செவில்யாவுக்கும் இடையில்தான் போடப்பட்டது. இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம், வழியில்தான் கோர்தோபா இருக்கிறது. கோர்தோபாவிலிருந்து செவில்யா முக்கால் மணி நேரம். கிரனாடாவுக்கு 2019இல் அதிவேகப் பாதை வந்துவிட்டதால் மாட்ரிட்டிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குள் சேரலாம். செவில்யாவுக்கும் கிரனாடாவுக்கும் இடையில் மட்டும் நேரடி ரயில்கள் குறைவு, அதனால் மூன்று மணி நேரப் பேருந்தையும் பார்த்துவையுங்கள். செவில்யாவில் வெளியூர்ப் பேருந்து நிலையங்கள் இரண்டு இருக்கின்றன. சீட்டில் எது அச்சாகியிருக்கிறது என்று கவனிக்காமல் நாங்கள் ஒருமுறை டாக்சியில் பறக்க வேண்டியதாயிற்று.

டாஞ்சியர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறை மட்டும் நுழையும் வகையாக இருந்தால், மொராக்கோவுக்குக் கப்பல் ஏறிய நிமிடத்திலேயே அது முடிந்துபோகும். அன்று மாலை ஸ்பெயினுக்குள் திரும்ப முடியாது. மொராக்கோவுக்கான அனுமதி அதற்கு மேல் தனி. ஒன்பது இரவுகளில் இதற்கு இடமில்லை என்று உங்கள் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

மழைநாள் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடே. கார் தேவையே இல்லை என்பதில் மட்டும் ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன்: நகரங்களுக்குத் தேவையில்லை, மலைக்குத் தேவை.

செவில்யாவிலிருந்து ரோந்தாவுக்குப் பேருந்து உண்டு. ஆனால் அது உங்களை ரோந்தாவில் இறக்கிவிடும், அவ்வளவுதான். ஏரியின் மேலே பாறை உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாஹாரா, ஸ்பெயினிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான கிராசலேமா, வீடுகளின் கூரையே மலைப்பாறையாக இருக்கும் செத்தெனில் ஆகியவற்றை ஒரே நாளில் பார்க்கப் பேருந்து நேரங்கள் ஒத்துவருவதில்லை. ஆகவே செவில்யாவை முடித்துவிட்டு, ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் கார் எடுத்து, ரோந்தாவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மாலகா விமான நிலையத்தில் விட்டுவிடுங்கள். ரோந்தாவின் புதுப்பாலம் என்று இன்றும் அழைக்கப்படும் பாலம் 1793இல் கட்டி முடிக்கப்பட்டது. சுமார் 98 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கின் குறுக்கே நிற்கிறது. பகலில் வந்துபோகும் சுற்றுலாக் கூட்டம் மாலையில் வடிந்தபின் அதை நிம்மதியாகப் பார்க்கலாம், அதற்காகவே அந்த ஓர் இரவு.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். அங்கே வாடகைக் கார் என்றால் பெரும்பாலும் கியர் மாற்றும் வண்டிதான். வலப்பக்கம் ஓட்டுவதே புதிது என்னும்போது வலக்கையால் கியரும் மாற்ற வேண்டாம், ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே குறிப்பிடுங்கள். வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும் சக்கர விளிம்புகளையும் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. அதன் பலனாக, நான் வருவதற்கு முன்பே இருந்த ஒரு கீறலுக்கு நான் பணம் கட்டிவிட்டு வந்தேன்.

காரோடு கிரனாடாவுக்குள் மட்டும் போய்விடாதீர்கள். பழைய நகரத்தின் பல தெருக்களில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். தங்கும் விடுதி உங்கள் வண்டி எண்ணை நகராட்சிக்குத் தெரிவித்தால்தான் தப்பிக்கலாம்.

கறிவேப்பிலை எழுதியது:

என் மாமியாரை அழைத்துக்கொண்டு போய்வந்தவள் என்ற முறையில் முழங்காலையும் சாப்பாட்டையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

செவில்யா பேராலயத்தின் மணிக்கோபுரமான ஹிரால்டாவைப் பார்த்ததும் உங்கள் அம்மா கீழேயே உட்கார்ந்துவிடுவதாகச் சொல்வார். சொல்ல விடாதீர்கள். அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் பள்ளிவாசலின் கோபுரமாக எழுந்தது. தொழுகைக்கு அழைப்பவர் குதிரைமேல் ஏறிப் போகும்படி உள்ளே படிகளுக்குப் பதிலாக 35 சாய்தளங்களை அமைத்திருக்கிறார்கள். கடைசியில் மட்டும் சில படிகள் வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் எண் எழுதியிருப்பதால், மாமியார் எண்ணிக்கொண்டே, நின்று நின்று, எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிட்டார். முழங்காலுக்கு உண்மையான பகை கிரனாடாவின் அல்பைசின் குன்றுதான். கூழாங்கல் பதித்த சரிவுகள். அங்கே சி31 பேருந்தில் மேலே போய், சான் நிக்கோலாஸ் திடலிலிருந்து அல்ஹாம்ப்ராவைப் பார்த்துவிட்டு அதே பேருந்தில் இறங்கிவிடலாம்.

கோர்தோபாவின் மெஸ்கித்தா, அதாவது பள்ளிவாசலாக இருந்து பேராலயமான கட்டடம், முழுக்கச் சமதளம், அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தூண்கள். ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்கள் ஒரே உயரத்தில் இல்லாததையும், அவற்றின்மேல் சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறிமாறி வரும் இரட்டை வளைவுகளையும் அருகே நின்று பாருங்கள். திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை கட்டணமில்லாமல் விடுகிறார்கள். குழுக்கள் வராத நேரம் என்பதுதான் அதன் பெரிய லாபம். ஆகவே அந்த ஊரில் ஓர் இரவு தங்குவது பொருத்தம்.

சாப்பாட்டில், 'வெஹெத்தாரியானோ' என்று சொன்னால் இறைச்சி வராது, ஆனால் சாலட்டின் மேல் சூரை மீன் வரக்கூடும். மீனையும் தனியாக மறுக்க வேண்டும். கோர்தோபாவின் சல்மொரேஹோ, தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த கூழ் போன்றது, அதன்மேல் பன்றி இறைச்சித் துணுக்கும் அவித்த முட்டையும் தூவுவது வழக்கம். 'சின் ஹமோன், சின் உவேபோ' (பன்றி இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம்) என்று முன்பே சொல்லிவிடுங்கள். செவில்யாவில் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகத்தோடு சமைத்துத் தருவார்கள். மாமியார் மூன்று நாளும் அதையே கேட்டார். கத்தரிக்காயைப் பொரித்து மேலே கரும்புப்பாகு ஊற்றித் தருவதும் நன்றாக இருக்கும். மதியம் நான்கு மணிக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு எட்டரைக்கு முன் ஏற்றமாட்டார்கள். பசி தாங்காத பெரியவர்களுக்கு ரொட்டியும் பழமும் பையில் இருக்கட்டும்.

நொய்யல்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவே உட்கார்ந்து பார்த்தேன். பயணத்தின் பிற்பாதியில் அல்ஹாம்ப்ராவில் ஒரு நாளும் இல்லை. இறங்கிய மூன்றாம் நாளான வியாழக்கிழமை காலை 11 மணிக்கு நான்கு சீட்டுகள் கிடைத்தன, வாங்கிவிட்டேன். ஆகவே வழி திரும்பிக்கொண்டது: செவ்வாய் இரவு மாட்ரிட், புதனும் வியாழனும் கிரனாடா, வெள்ளி கோர்தோபா, சனிக்கிழமை காலை மெஸ்கித்தாவைப் பார்த்துவிட்டு மதியம் செவில்யாவுக்குப் போய் அங்கே மூன்று இரவுகள், பிறகு காரில் ரோந்தாவில் ஒன்று, மாலகாவில் ஒன்று. டாஞ்சியரை மனைவியே விட்டுக்கொடுத்துவிட்டார், அடுத்த முறை மொராக்கோவுக்கென்றே தனியாகப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. செவில்யாவில் ஞாயிற்றுக்கிழமை பேராலயம், திங்கட்கிழமை அல்காசர் அரண்மனை என்று வைத்திருக்கிறேன், சரிதானா?

வைகைக்கரை எழுதியது:

அந்த இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுகிறார்கள். அன்று காலை அல்காசரும், திங்களன்று பேராலயமும் ஹிரால்டாவும் என்று வையுங்கள். அல்காசருக்கும் நேரம் குறித்த சீட்டை முன்பே வாங்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஞாயிறு அக்டோபரின் கடைசி ஞாயிறு என்றால், அன்று அதிகாலை 3 மணிக்கு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். கைபேசி தானாக மாறிக்கொள்ளும். அப்பாவின் கைக்கடிகாரமும், அதைப் பார்த்து மாத்திரை போடுபவராக இருந்தால் அவரும், மாறமாட்டார்கள்.