மூன்று புறநகர்களில் எது? வீடு வாங்குமுன் கருத்து வேண்டும்

பூவரசு (கேள்வி):

வணக்கம். நானும் மனைவியும் சொந்த வீடு வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். எங்கள் நகரம் நடுத்தர அளவுள்ளது. நெரிசல் இல்லாத வேளையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரை மணியில் போய்விடலாம். ஆனால் நகருக்குள் விலை எங்களுக்கு எட்டவில்லை. புறநகர்களைப் பார்த்து வருகிறோம். மூன்று இடங்கள் மிஞ்சியிருக்கின்றன.

வடக்கே, புறவழிச்சாலையை ஒட்டி ஒரு புதிய மனைப்பிரிவு. அகலமான தெருக்கள், பெரிய வீடு. கிழக்கே, ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த பழைய குடியிருப்பு. வீடுகள் சிறியவை, வயதானவை; ஆனால் கடை, பள்ளி, மருத்துவர் எல்லாம் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. தெற்கே ஆற்றங்கரை. அங்கே போய் நின்றதும் திரும்பி வர மனம் வரவில்லை.

எனக்கு வேலை நகருக்கு மேற்கே உள்ள தொழிற்பேட்டையில். மனைவி நகர மருத்துவமனையில் செவிலியர். அடிக்கடி இரவுப் பணி வரும். அம்மா எங்களுடன் இருக்கிறார்; மூட்டுவலி உண்டு, வண்டி ஓட்டத் தெரியாது. மகள் அடுத்த ஆண்டு பள்ளியில் சேருகிறாள். நான் வடக்கு என்கிறேன், மனைவி கிழக்கு என்கிறார், தெற்கை விட இருவருக்கும் மனமில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

மேட்டுநிலம் (பதில்):

தம்பி, நான் கட்டடங்களுக்கு மண் பரிசோதனை செய்பவன். அதனால் முதலில் தரையைப் பற்றித்தான் பேசுவேன். சமையலறையை இடித்துக் கட்டலாம், ஜன்னலை மாற்றலாம், மனையை மண் கொட்டி உயர்த்தவும் செய்யலாம். தெருவை நீங்கள் உயர்த்த முடியாது. தெருவில் இடுப்பளவு நீர் நின்றால் மேட்டில் இருக்கும் வீட்டாரும் வெளியே வர முடியாது.

ஆற்றங்கரை வீட்டுக்கு முதலில் வெள்ள அபாய வரைபடத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்று அதில் குறித்திருந்தால் சிறிய எண்ணாகத் தோன்றும். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அந்த அளவு வெள்ளம் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். நான்கில் ஒன்று! வரைபடம் கிடைக்காவிட்டால் அங்குள்ள பழைய வீடுகளின் வாசற்படிகளை எண்ணுங்கள். தெரு முழுவதும் வீடுகள் நான்கைந்து படி உயரத்தில் நின்றால், அங்கே வீடு கட்டியவர்கள் வெள்ளத்தைக் கண்டவர்கள். அண்டை வீட்டாரிடம் "வெள்ளம் வருமா?" என்று கேட்காதீர்கள். சொந்த இடத்தைப் பற்றி யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். "கடைசியாக எந்த மழையில் வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள்.

வடக்கு மனைப்பிரிவில் எனக்கு வேறொரு கவலை. புதிதாகப் பிரித்த நிலம் முன்பு என்னவாக இருந்தது? லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் எடுத்து வருகின்றன. 2008இலிருந்து அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். ஒரு ஏரி அங்கே இருந்ததா என்று கண்டுபிடிக்க அவை போதும். நீர்நிலையைத் தூர்த்த நிலம் பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒரே சீராக அமுங்காது. களிமண் தரையானால் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். ஏற்கெனவே குடியேறிய வீடுகளில் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். சுண்ணாம்புப் பூச்சில் தோன்றும் மயிரிழைக் கீறல்களுக்கு அஞ்ச வேண்டாம். விரல் நகம் நுழையும் சாய்வு விரிசல் என்றால் பொறியாளரை அழைத்துக் காட்டாமல் அடுத்த பேச்சுக்குப் போகாதீர்கள்.

நடைபாதை (பதில்):

மண்ணைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே ஒரு பெரிய வீட்டில். என் மாமனார் தினமும் நூலகத்துக்கு நடந்து போய்ப் பழகியவர். இங்கே வந்த பிறகு முடிவெட்டிக்கொள்ளக்கூட யாராவது வண்டி எடுக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். வீட்டில் எத்தனை அறை இருந்து என்ன? வண்டி ஓட்டத் தெரியாதவர் ஒருவர் வீட்டில் இருந்தால், இடத்தை அவருக்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று அவர் அம்மா. இன்னும் சில ஆண்டுகளில் தனியாகப் பாட்டு வகுப்புக்குப் போக விரும்பும் உங்கள் மகள்.

பஸ் நேரத்தைப் பார்க்கும்போது கடைசி பஸ் எப்போது என்று பாருங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு. நம்மைப் போன்ற நகரங்களில் பகலில் பஸ் நிறைய ஓடும், இருட்டியதும் நின்றுவிடும். செவிலியர் பணி முறை மாறும் நேரத்துக்கு ஊர்தி உண்டா?

பெரிய வீட்டுக்காகத் தூரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைக்கலாம். புரூனோ ஃபிரே, அலோயிஸ் ஸ்டுட்சர் என்ற பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனி மக்களிடம் திரட்டிய தரவுகளை வைத்து 2004இல் இதை ஆராய்ந்தார்கள். வேலைக்குப் போகும் பயணம் நீள நீள வாழ்க்கையில் நிறைவு குறைந்தது. மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அந்தக் குறையை ஈடுகட்டவில்லை.

பூவரசு:

இருவருக்கும் நன்றி. தெற்கை இன்றே விட்டுவிட்டோம். மனைவி வாசற்படிகளை நினைவுகூர்ந்து சொன்னார்: ஆறு படிகள்.

கிழக்கில் எனக்கு இரண்டு தயக்கங்கள். தொழிற்பேட்டைக்கு நான் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும், நடுவில் ரயில்வே கேட் இருக்கிறது. இன்னொன்று, ரயில் சத்தம். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவருக்கு அது ஒத்துவருமா?

மேட்டுநிலம்:

சத்தம் இரண்டு இடத்திலும் உண்டு, தம்பி. உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரவு இரைச்சலுக்குப் பரிந்துரைத்த வரம்பு சாலைக்கு 45 டெசிபல், ரயிலுக்கு 44. இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ரயில் வந்து போய்விடும். புறவழிச்சாலை பகல் முழுவதும் ஓயாது. உங்கள் மனைவி உறங்குவது பகலில்தான். தண்டவாளத்திலிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளி, படுக்கையறை மறுபுறம் பார்த்திருக்கும் வீடாகத் தேடுங்கள்.

கேட்டைப் பொறுத்தவரை, நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் சில நாட்கள் அங்கே போய்க் காத்திருந்து பாருங்கள். "மேம்பாலம் வரப்போகிறது" என்று விற்பவர் சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தூண் எழுந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சிறு வசதியும் உண்டு. கிழக்கில் குடியிருந்து மேற்கே வேலைக்குப் போகிறவருக்குக் காலையிலும் மாலையிலும் வெயில் முதுகுப்பக்கம்தான் இருக்கும்.

நானாக இருந்தால் கிழக்கைத்தான் எடுப்பேன். பழைய வீடு என்பதால் கூரைக் கசிவு, கழிவுநீர்க் குழாய், மின் இணைப்பு மூன்றையும் தெரிந்த ஆளை வைத்துச் சோதித்து, பழுதுச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். முடிந்தால் அதே பகுதியில் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் மருத்துவர் வரை நடக்க வைத்துப் பாருங்கள். நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எங்கே உட்கார இடம் இல்லை என்று அவரே சொல்லிவிடுவார்.

பூவரசு:

அம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையே போகலாம் என்கிறார். ரயில் நிலையத்துக்குத் தெற்கே மூன்றாவது தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு இருக்கிறது. பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.