சிஎஸ்வி போதும் என்றால் அந்த 01 எங்கே போனது?

எண்ணாயிரம்: நேற்று இங்கே ஒருவர், "ஆர் மொழியில் வேலை செய்கிறவனுக்கு சிஎஸ்வி போதும், பார்க்கே எல்லாம் பந்தா" என்று எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆர் என்பது புள்ளிவிவர வேலைக்கான நிரல்மொழி. சிஎஸ்வி என்பது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. பார்க்கே, ஒவ்வொரு நெடுவரிசையும் எந்த வகை என்பதையும் சேர்த்து வைத்திருக்கும் அட்டவணைக் கோப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலக் குறியீடுகள் 01-இல் தொடங்குகின்றன. அந்தக் கோப்பை ஆரின் ரீட்.சிஎஸ்வி கட்டளையில் வாங்கினால் 01 வெறும் 1 ஆகிவிடும். அதை, '01' என்று எழுத்தாகவே வைத்திருக்கும் அட்டவணையோடு மெர்ஜ் செய்யுங்கள், அதாவது குறியீட்டை வைத்து இணையுங்கள். பிழைச்செய்தி வராது. 10 முதல் 35 வரை ஒழுங்காகச் சேரும். 01 முதல் 09 வரை சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். 09 உத்தரப் பிரதேசம். கிட்டத்தட்ட 20 கோடிப் பேர் காணாமல் போவார்கள்.

பழைய பேனா: பந்தா என்று சொன்னது நான்தான். இப்போதும் சொல்கிறேன். நெடுவரிசையின் வகையைச் சொல்ல ரீட்.சிஎஸ்வி-யிலேயே கால்கிளாசஸ் என்று ஒன்று இருக்கிறது தம்பி. அதில் கேரக்டர், அதாவது எழுத்து, என்று கொடுத்தால் 01 அப்படியே நிற்கும். கையேட்டைப் படிக்காமல் கோப்பின் மேல் பழி போடாதீர்கள்.

எண்ணாயிரம்: கொடுக்க வேண்டும் என்று கோப்பில் எங்கே எழுதியிருக்கிறது? 01 எண்ணா எழுத்தா என்று சிஎஸ்வி சொல்லாது. பார்க்கே சொல்லும்.

முத்துநகர்: ஆருக்கான ரீடர் என்ற கூடுதல் தொகுப்பின் ரீட்_சிஎஸ்வி, முன்னால் பூஜ்யம் இருந்தால் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். அதற்கு மாறினால் தீர்ந்தது.

எண்ணாயிரம்: சிஎஸ்வி வாசிக்கும் இன்னொரு கட்டளையான எஃப்ரீட் அதே 01-ஐ 1 ஆக்கும். ஒரே கோப்பு, இரண்டு விடை. நான் சொல்வதும் அதைத்தானே!

பழைய பேனா: 2020-இல் ஆர் 4.0 வரும்வரை எழுத்தையெல்லாம் ரீட்.சிஎஸ்வி தானாக ஃபேக்டர், அதாவது வகைப் பட்டியல், ஆக்கியது. அதையே சமாளித்தவர்கள் நாங்கள். போன வருடம் நீங்கள் அனுப்பிய பார்க்கே கோப்பு நினைவிருக்கிறதா? பாதியில் அறுந்து வந்தது. எந்த நெடுவரிசை எங்கே என்ற விவரமெல்லாம் கோப்பின் வாலில் இருப்பதால் ஒரு வரிகூடத் திறக்கவில்லை. சிஎஸ்வி என்றால் வந்தவரை படித்திருப்பேன்.

எண்ணாயிரம்: வந்தவரை படித்துக் கணக்குப் போடுவீர்களா? திறக்காமல் நின்றதே நல்லது சார். முதலில் 01-க்குப் பதில் சொல்லுங்கள்.

ரேம் பத்தாதவன்: எனக்குச் சிக்கல் 01 இல்லை, ரேம். 2 கோடி வரி, 40 நெடுவரிசை, எண்ணுக்கு 8 பைட்: 6.4 ஜிபி. என் மடிக்கணினியில் இருப்பதே 8. பார்க்கேயில் வேண்டிய 3 நெடுவரிசையை மட்டும் எடுத்தால் அரை ஜிபிகூட வராது.

பழைய பேனா: எஃப்ரீடில் செலக்ட் என்று வேண்டிய நெடுவரிசைகளைக் கொடுத்தால் அதேதான்.

ரேம் பத்தாதவன்: ரேமுக்குச் சரி. ஆனால் கமாவைத் தேடி முழுக் கோப்பையும் மேய வேண்டுமே. பார்க்கேயில் ஒவ்வொரு நெடுவரிசையும் தனிக் கட்டாக டிஸ்கில் கிடக்கிறது. டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருள் நேராக அங்கே போய் எடுத்துக்கொள்ளும்.

முத்துநகர்: அது பார்க்கேயா, பார்க்கெட்டா?

பழைய பேனா: பெயரே வாயில் நுழையவில்லை. நோட்பேடில் திறந்து கண்ணால் பார்க்க முடியாத கோப்பை நான் நம்புவதில்லை.

எண்ணாயிரம்: கண்ணால் பார்த்தும்தானே 01-ஐத் தொலைத்தீர்கள்?

பழைய பேனா: நான் தொலைக்கவில்லை. கால்கிளாசஸ். மூன்றாவது முறையாகவும் எழுத வைக்காதீர்கள்.

எண்ணாயிரம்: அந்தக் கால்கிளாசஸை எழுத மறந்த அன்றைக்கு உத்தரப் பிரதேசம் எங்கே போகும், அதைச் சொல்லுங்கள்.